மின்விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருட்டு: முதலில் ரேமைப் பாருங்கள்

மதர்போர்டு (எல்லா உறுப்புகளையும் இணைக்கும் தாய்ப்பலகை) போய்விட்டது என்று முடிவு கட்டும் முன், ரேமை, அதாவது அதில் செருகியிருக்கும் நினைவகப் பட்டையை, கழற்றித் துடைத்துத் திரும்பப் பொருத்துங்கள். ஐப்பசி அடைமழையில் மூன்று வாரம் மூடிக் கிடந்த மன்னார்குடி வீட்டுக் கணினி, மின்விசிறி சுழன்றும் மானிட்டரில் 'சிக்னல் இல்லை' என்றே காட்டுவதாக நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஈரக்காற்றில் ரேமின் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படிந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

1. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

2. பெட்டியைத் திறந்து ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள் மிஞ்சாமல் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. பொன்பூச்சு அவ்வளவு மெல்லியது.

3. இரண்டு ரேம் இருந்தாலும் ஒன்றை மட்டும், கொக்கி 'டிக்' என்று விழும்வரை அழுத்திப் பொருத்தி இயக்குங்கள். வராவிட்டால் அடுத்த ஸ்லாட்டில் முயலுங்கள்.

பெட்டிக்குள் சிறு ஸ்பீக்கர் இருந்தால், ரேமே இல்லாமல் ஒருமுறை இயக்கிக் கேளுங்கள். 'பீப்' ஒலி வந்தால் மதர்போர்டும் பிராசசரும் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன.

தனி கிராஃபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் அட்டை) உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் மானிட்டர் கேபிளை அதில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் செருகிவிட்டு நாள் முழுக்கத் தேடியவன் நான்.

பெட்டியைத் தரையில் வைத்திருந்து, அடியில் தண்ணீர் ஊறியிருந்தால் மேற்சொன்ன எதையும் செய்யாமல் கடைக்கே கொண்டுசெல்லுங்கள். பெட்டிக்குள் மின்சாரம் தரும் பவர் சப்ளையை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.