மாற்று சிம்மில் ஓடிபி வரவில்லையா? 24 மணி நேரத் தடையாக இருக்கலாம்

நாளைக் காலை விமானப் பயணத்துக்காக டிஜியாத்ராவில் (விமான நிலையத்தில் முகத்தைக் காட்டி நுழைய உதவும் செயலி) பதிய முயன்றபோது ஆதார் ஓடிபி வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அழைப்பும் இணையமும் இயங்க, ஓடிபி மட்டும் வராததற்குக் காரணம் உங்கள் கைப்பேசி அல்ல. தொலைந்த சிம்முக்குப் பதிலாக நேற்று மாலை வாங்கிய மாற்று சிம், செயல்படத் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் குறுஞ்செய்தி பெறவோ அனுப்பவோ கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் விதித்த தடையே பெரும்பாலும் காரணம்.

உங்கள் எண்ணை வேறொருவர் எடுத்து வங்கிக் கணக்கைச் சுருட்டாமல் இருக்கவே இந்த ஏற்பாடு, தேவையானதுதான். ஆனால் சிம் தரும்போதே இதைச் சொல்லாமல், "கைப்பேசியை அணைத்துவிட்டுப் போடுங்கள்" என்று சேவை மையத்தார் உங்களை அலைக்கழித்தது சற்றும் நியாயமில்லை.

நண்பருக்குச் சாதாரணக் குறுஞ்செய்தி ஒன்று அனுப்பிப் பாருங்கள். வாட்ஸ்அப் இணையத்தில் செல்வதால் அது சோதனைக்கு உதவாது. போகவில்லையென்றால் தடை இன்னும் இருக்கிறது என்று கொள்ளலாம். போய்விட்டால், ஆதாரில் பதிந்திருப்பது இந்த எண்தானா என்று பாருங்கள். யூபிஐ செயலியும் பதிவின்போது உங்கள் சிம்மிலிருந்தே குறுஞ்செய்தி அனுப்புவதால், தடை நீங்கும்வரை அதுவும் முடியாது.

நாளைக் காலைப் பயணத்துக்கு டிஜியாத்ரா கட்டாயமில்லை. ஆவணங்களை மின்வடிவில் வைத்திருக்கும் டிஜிலாக்கர் செயலியைத் திறக்கவும் ஓடிபி கேட்கக்கூடும் என்பதால், வாக்காளர் அட்டை அல்லது ஓட்டுநர் உரிமத்தின் அசலையும் பயணச்சீட்டின் அச்சுப்படியையும் எடுத்துக்கொண்டு வழக்கமான வரிசையில் செல்லுங்கள். கூட்டம் இருக்கும், சற்று முன்னதாகவே போய்விடுங்கள்.

கோபத்தில் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற முயலாதீர்கள்; சிம் மாற்றிய 7 நாட்களுக்கு அதற்கான குறியீடு கிடைக்காது. தடையை உடனே நீக்கித் தருவதாக யாரேனும் அழைத்தால் எந்த விவரமும் தராமல் துண்டித்துவிடுங்கள்.