குழாயடியில் யார்?

வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து ஒரு பாலர் பள்ளி நடத்துகிறோம். 22 பிள்ளைகள், அதில் மூன்று பேர் ஸ்பெஷல் பிள்ளைகள் (மாற்றுத்திறனாளிகள்). இரண்டு டீச்சர், ஒரு ஆயா. வாரம் இரண்டு நாள் சிறப்பாசிரியர் வருவார். யாரைப் பொறுப்பாளராகப் போடுவது? டீச்சர்களோ ‘அந்த மூணு பேர் ஸ்பெஷல் மேடம் வேலை’ என்கிறார்கள். பத்தரை மணிக்குச் சுண்டல் கொடுப்பதற்குள் தினமும் ரகளை. தலைமைப் பயிற்சி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பயிற்சியெல்லாம் பிறகு பார்க்கலாம். அந்தச் சுண்டல் ரகளைக்காகத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது.

முதலில் ஒரு திட்டு. டீச்சர்களைக் குறை சொல்கிறீர்கள், ஆனால் ‘மூன்று பேர் ஸ்பெஷல்’ என்று தனியாக எண்ணியது நீங்கள். நீங்கள் பிரித்துவைத்தீர்கள், அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கூட அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி என்ற உரிமையை 6 வயதிலிருந்துதான் தருகிறது. அதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு உங்களைப் போன்ற இடங்கள்தான் பெரிய துணை. அங்கேயும் தனி எண்ணிக்கையா?

இப்போது கணக்குக்கு வருவோம். 22 பேரையும் ஒரே வரிசையில் கை கழுவ நிறுத்துவீர்கள். இரண்டு குழாய், ஆளுக்கு அரை நிமிடம் என்றால் கடைசிப் பிள்ளை ஐந்து நிமிடம் சும்மா நிற்கும். பின்னாலிருந்து தள்ளு, காதுக்குள் கூச்சல். சத்தமும் நெரிசலும் தாங்க முடியாத, ஆட்டிசம் உள்ள பிள்ளை ஓடாமல் என்ன செய்யும்? ஓடியதும் ஒரு டீச்சர் பின்னால் ஓடுவார், வரிசை உடையும். பழி மட்டும் பிள்ளை மேல்.

ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பிரித்துக் கொடுக்காதீர்கள், ஆளுக்கு ஒரு இடத்தைக் கொடுங்கள். 10.20க்கு ஒரு டீச்சர் முதலில் பாய்க்குப் போய்ப் பாட்டை ஆரம்பிக்கட்டும். வரும் பிள்ளைகள் காத்திருக்காமல் அதில் சேர்ந்துகொள்வார்கள். ஆயா குழாயடியில், நான்கு நான்கு பேராக. இன்னொரு டீச்சர் விளையாட்டு மூலையில் நின்று, கடைசிப் பிள்ளையோடுதான் கிளம்ப வேண்டும். இடம் மாறச் சிரமப்படும் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் முன்பே குழாயின் போட்டோவைக் காட்டுங்கள். உங்கள் குழாயின் போட்டோ, நெட்டில் எடுத்தது வேண்டாம்.

சுண்டல் சாப்பிடும்போது கால்களைப் பாருங்கள். மூளை முடக்குவாதம், அதாவது தசைகள் சொன்னபடி கேட்காத நிலை, உள்ள பிள்ளைக்குக் கால் தரையில் படாமல் தொங்கினால் இடுப்பு வழுக்கும். விழாமலிருக்கக் கை மேசையைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் சுண்டலை எந்தக் கையால் எடுப்பது? ‘தானா சாப்பிடத் தெரியல’ என்று ஊட்டிவிடுவீர்கள். பழைய செய்தித்தாளை இறுக்கிக் கட்டி, மேலே டேப் சுற்றி, பாதம் முழுசாகப் படும் உயரத்துக்குக் காலடியில் வையுங்கள்.

சிறப்பாசிரியர் பிள்ளையைத் தனி அறைக்குக் கூட்டிப் போகவே கூடாது. வரும் இரண்டு நாளும் இதே பாய், இதே குழாயடி. செய்து காட்டிவிட்டு விலகி நிற்கட்டும். மற்ற நாட்களில் செய்ய வேண்டியது டீச்சர்கள்தானே?

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போனதும் 20 நிமிடம் எல்லாரும் உட்காருங்கள். ஆயா முதலில் பேசட்டும். யார் சாப்பிடவில்லை, யார் பாத்ரூம் போகப் பயப்படுகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டுக் கூட்டம் போடுவது சுத்த அசட்டுத்தனம்.

பொறுப்பாளர் யார் என்று கேட்டீர்கள், இல்லையா? யாராவது இருக்கட்டும், ஆயா லீவு போட்ட அன்று குழாயடியில் போய் நிற்கத் தயாரானவராக இருந்தால் சரி. திங்கட்கிழமை 10.20க்கு யார் எங்கே என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.