வீட்டில் வாகனமே இல்லை, டீசல் விலை நம்மை ஏன் சுடுகிறது?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மோட்டார் சைக்கிள்கூட இல்லை, ஆனால் டீசல் விலை கூடினால் கடையில் சாமான் விலையும் கூடுகிறது, குறைந்தால் மட்டும் குறைவதில்லை. அடுத்த மாதம் சீட்டுக் காசு இரண்டு லட்சம் வரும். விலை ஏறுமுன் அரிசி, கோதுமை மா எல்லாம் மூட்டையாக வாங்கி வைக்கவா, வங்கியில் போடவா? மகளின் சங்கிலி ஒன்றும் அடகில் இருக்கிறது.

பதில்: முதலில் சங்கிலியை மீட்டுவிடுங்கள் அக்கா. நிலையான வைப்புக்கு வங்கி தரும் வட்டியைவிட அடகுக்கு நீங்கள் கட்டும் வட்டி அதிகம், அதைத் தீர்க்காமல் வைப்புப் போட்டால் மாதாமாதம் நட்டம்தான்.

சரி, டீசலுக்கு வருவோம். உங்கள் அரிசி பொலன்னறுவை, அநுராதபுரம் பக்கமிருந்து வருகிறது. வயலை உழுத டிராக்டர், நெல் ஏற்றிய வண்டி, அப்புறம் கண்டி தாண்டி முதல் கியரில் முக்கி முக்கி மலை ஏறுகிற லொறி, அத்தனையின் செலவும் ஒரு கிலோ அரிசிக்குள் இருக்கிறது. பக்கத்திலேயே நுவரெலியாவில் விளைகிற கரட்டும் தப்பாது, தண்ணீர் இறைக்கிற மோட்டார் இருக்கிறதே.

2022 தொடக்கத்தில் லீட்டர் 121 ரூபாய்க்கு இருந்த டீசல் ஜூன் கடைசியில் 460 ஆனது. செப்டெம்பரில் பணவீக்கம், அதாவது முந்திய வருடத்தைவிட விலைவாசி ஏறிய அளவு, 70 சதவீதத்தைத் தொட்டது. பழி முழுவதையும் டீசல்மேல் போட முடியாது. டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனதும், அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்ததும் சேர்ந்துதான் அந்த அடி விழுந்தது.

அடுத்த வருடம், 2023 செப்டெம்பரில், பணவீக்கம் 1.3 சதவீதம்தான். அப்படியென்றால் விலை குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 100 ரூபாய்ச் சாமான் 170 ஆகி, பிறகு 172 ஆனது, அவ்வளவுதான். ஏறும் வேகம் குறைந்தது, விலை இறங்கவில்லை. டீசல் குறைந்தாலும் லொறிக்காரருக்கு டயர், உதிரிப்பாகம், டிரைவர் சம்பளம் எல்லாம் ஏறிய இடத்திலேயே நிற்கின்றன, எரிபொருள் விலையும் மாதாமாதம் மாறுவதால் அடுத்த மாதம் கூடிவிடுமோ என்று வாடகையைக் குறைக்க அவரும் பயப்படுகிறார். கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. பழைய விலை திரும்பி வரும் என்று எண்ணி வீட்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

மூட்டை மூட்டையாக வாங்க வேண்டாம். நம் மலை ஈரத்தில் மா பூஞ்சணம் பிடிக்கும், அரிசியில் வண்டு விழும். ஒரு மாதச் சாமான் கூடுதலாக இருந்தால் போதும்.

சங்கிலியை மீட்டு மிஞ்சுவதில் இரண்டு மாதச் செலவுக்கான காசைச் சேமிப்புக் கணக்கில் விடுங்கள். மற்றதை ஒரு வருட வைப்பில் முடக்காமல் மூன்று மாத வைப்பில் போடுங்கள். எரிபொருள் விலை தொடர்ந்து ஏறி பணவீக்கமும் கூடினால் மத்திய வங்கி வட்டியைக் கூட்டலாம், 2022 ஏப்ரலில் ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. அப்படி நடந்தால் மூன்று மாதம் முடிந்ததும் கூடிய வட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். அடகு ரசீதில் தவணை முடியும் திகதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், சீட்டுக் காசு வருமுன் அது முடிவதாக இருந்தால் வட்டியை மட்டுமாவது கட்டிப் புதுப்பித்துவிடுங்கள்.