விக்ஸ்பர்க்கில் 1863-ல் கிராண்டின் திறமை வென்றதா, பெம்பர்டனின் முட்டாள்தனம் தோற்றதா?

முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. லாரி புக்கிங் ஆபீசில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் நான். முதலாளி ஒன்று சொல்வார், கிளை மேனேஜர் வேறொன்று சொல்வார், நடுவில் லோடு ரோட்டில் நிற்கும். வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படிக்கும்போது, விக்ஸ்பர்க்கைக் காத்த தெற்குத் தளபதி பெம்பர்டன் மேல் எனக்கு இரக்கம் வருவது அதனால்தான்.

விக்ஸ்பர்க், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரை மேட்டில் இருக்கும் ஊர். தெற்கின் பீரங்கிகள் அங்கே இருந்தவரை வடக்கால் ஆற்றை முழுதாகப் பிடிக்க முடியவில்லை. கால்வாய் வெட்டி, சதுப்பில் படகு விட்டு, குளிர்காலம் முழுக்க முட்டிப் பார்த்த வடக்குத் தளபதி கிராண்டுக்கு எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் மேற்குக் கரையோடு தெற்கே நடந்தார். ஏப்ரல் 16 இரவு வடக்கின் கடற்படைத் தளபதி போர்ட்டரின் கப்பல்கள் பீரங்கிகளின் வாயடியிலேயே ஓடித் தப்பி வந்தன. ஏப்ரல் 30 அன்று புரூயின்ஸ்பர்க்கில் படை ஆற்றைக் கடந்தது. நண்பரும் துணைத் தளபதியுமான ஷெர்மனே வேண்டாம் என்று தடுத்துப் பார்த்த திட்டம் அது.

கிராண்டுக்கும் மேலிடத் தொல்லை இல்லாமல் இல்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த இன்னொரு வடக்குத் தளபதி பேங்க்ஸின் படையோடு சேர்ந்து, எதிரியின் இன்னொரு ஆற்றோர அரணான போர்ட் ஹட்சனைக் கவனிக்க வேண்டும் என்பது வாஷிங்டனில் தலைமைத் தளபதி ஹாலெக்கின் விருப்பம். பேங்க்ஸ் வர நாளாகும் என்று தெரிந்ததும் கிராண்ட் காத்திருக்கவில்லை, உள்நாட்டுக்குள் புகுந்துவிட்டார். வாஷிங்டனுக்குத் தகவல் போய் பதில் வருவதற்குள் காரியம் பலிக்குமா பலிக்காதா என்று தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டதாக அவரே பின்னாளில் எழுதினார். தந்தியின் தாமதத்தை அவர் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார்.

பெம்பர்டனுக்கோ தந்தியே எமன். தெற்கின் ஜனாதிபதி டேவிஸ், விக்ஸ்பர்க்கையும் போர்ட் ஹட்சனையும் விடக் கூடாது என்றார். நேரடி மேலதிகாரியான ஜான்ஸ்டன், ஊரை விட்டு வெளியே வந்து என்னோடு சேர்ந்து அடி என்றார். அந்த ஜான்ஸ்டன் மே 13 அன்று விக்ஸ்பர்க்குக்குக் கிழக்கே இருக்கும் ஜாக்சன் நகருக்கு வந்து இறங்கியதும் மேலே அனுப்பிய தந்தியே 'நான் மிகவும் தாமதமாக வந்துவிட்டேன்' என்பதுதான்! இன்னொன்று: பெம்பர்டன் வடக்கே பென்சில்வேனியாவில் பிறந்தவர். மனைவி வர்ஜீனியாக்காரர் என்பதால் தெற்குப் பக்கம் வந்தவர், தம்பிகள் இருவர் வடக்குப் படையில். அப்படிப்பட்டவர் ஊரைக் கைவிட்டால் என்ன பேசுவார்கள்?

மே 14 அன்று அவர் தளபதிகளைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். பெரும்பாலானோர் ஜான்ஸ்டன் சொன்னபடி போகலாம் என்றார்கள். சிலர் கிராண்டின் சரக்குப் பாதையை வெட்டலாம் என்றார்கள். அவருக்கோ விக்ஸ்பர்க்குக்குக் கிழக்கே ஓடும் பிக் பிளாக் ஆற்றுக்குப் பின்னால் நிற்கத்தான் ஆசை. கடைசியில் சரக்குப் பாதையை வெட்டக் கிளம்பினார்கள். ஆனால் வெட்ட அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கிராண்டின் ஆட்கள் வழியில் கிடைத்த ஆடு மாடு, சோளத்தில்தான் பெரும்பாலும் வயிறு வளர்த்தார்கள். பண்ணைகளில் கிடைத்த சாரட்டு வண்டிகளிலெல்லாம் தோட்டாக்களை ஏற்றிப் போனார்கள்.

15-ம் தேதி பெம்பர்டன் படை நேரத்துக்குக் கிளம்பவே இல்லை. சாப்பாடும் தோட்டாவும் வந்து சேரவில்லை. மழையில் பேக்கர்ஸ் ஓடை வேறு கரைபுரண்டு பாலத்தைக் கொண்டுபோயிருந்தது. மறுநாள் காலை ஜான்ஸ்டனிடமிருந்து புது உத்தரவு: இந்தப் பக்கம் வா. வண்டிகளைத் திருப்பச் சொன்னார் பெம்பர்டன். குறுகலான பாதையில் பாரவண்டி வரிசையை வந்த வழியே திருப்புவது என்னவென்று டிரைவர்களைக் கேளுங்கள். திருப்பிக்கொண்டிருக்கும்போதே கிராண்ட் வந்துவிட்டார். அந்த இடம்தான் சாம்பியன் ஹில்.

இதில் ஒரு கூத்து உண்டு. ஜான்ஸ்டன் 13-ம் தேதி அனுப்பிய கடிதம் மூன்று பிரதிகளாக மூன்று ஆட்களிடம் போனது. அதில் ஒருவன் வடக்கின் ஆள். பெம்பர்டன் என்ன செய்ய வேண்டும் என்பது கிராண்டுக்கும் தெரிந்துபோயிற்று. (பெம்பர்டன் அதைச் செய்யவில்லை என்பது தனிக் கதை.)

கிராண்டிடம் சுமார் 32,000 பேர், பெம்பர்டனிடம் 23,000 பேர். குன்று கை மாறிக் கை மாறி, மாலைக்குள் தெற்குப் படை உடைந்தது. பெம்பர்டனின் தளபதிகளில் ஒருவரான லோரிங்கின் பிரிவு பிரிந்து வேறு திசையில் போய்விட்டது, விக்ஸ்பர்க்குக்குத் திரும்பவே இல்லை. என் கணக்கில் ஊர் விழுந்தது அன்றுதான்.

கிராண்டை நான் தெய்வமாக்கவில்லை. மே 22 அன்று அரண்கள் மேல் நேராக மோதவிட்டு, செத்தவர் காயம்பட்டவர் காணாமல் போனவர் என்று 3,000 பேருக்கு மேல் இழந்தவர், காயம்பட்டவர்களை நாட்கணக்கில் வெயிலில் கிடக்கவிட்டவர். அதற்குப் பிறகுதான் முற்றுகை. உள்ளே ஜனங்கள் மண்மேட்டில் குகை வெட்டிக் குடியிருந்தார்கள், கோவேறு கழுதைக் கறி தின்றார்கள். ஜான்ஸ்டன் சுமார் 30,000 பேரைத் திரட்டியும் ஜூலை வரை பிக் பிளாக்கைத் தாண்டவில்லை. ஜூலை 4 அன்று 29,000-க்கு மேற்பட்டவர்கள் சரணடைந்தார்கள்.

ஊரை விட்டு வெளியேறியிருந்தால் படையாவது மிஞ்சியிருக்கும். ஆற்றுக்குப் பின்னால் உறுதியாக நின்றிருந்தாலும் கிராண்டுக்குக் கஷ்டம்தான். பெம்பர்டன் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தார். ஆனால் துரோகி என்று தெற்கில் சிலர் ஏசியது அபாண்டம். தலைமை தாங்க யாரும் படை கொடுக்காதபோது 1864-ல் லெப்டினன்ட் ஜெனரல் பதவியை உதறிவிட்டு, பீரங்கிப் படையில் வெறும் லெப்டினன்ட் கர்னலாகச் சேர்ந்து தெற்குக்காகவே கடைசிவரை வேலை பார்த்தவர் அவர்.