டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்த பிறகும் மருத்துவமனைக்கும் வெளியில் பார்க்கும் டாக்டருக்கும் இடையே சிகிச்சை ஏன் அறுந்துபோகிறது?

பெரும்பாலான சம்மரிகள் உள்ளே நடந்ததைத்தான் விலாவாரியாகச் சொல்கின்றன. வெளியில் பார்க்கப்போகும் டாக்டருக்குத் தேவைப்படுவது, இனி எதை, யார், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பது. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பக்கம் பக்கமாக ஒட்டிவிட்டு, கடைசி வரியில் 'தேவைப்பட்டால் ரிவ்யூ' என்று முடித்தால் யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை.

அதிகம் சறுக்குவது மருந்துப் பட்டியலில். வீட்டுக்கு எழுதித் தரும் மருந்துகள் மட்டும் இருந்தால் போதாது. அட்மிட் ஆவதற்கு முன் சாப்பிட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரே தொடர்கிறதா, அளவு மாறியதா, அடியோடு நிறுத்தியாயிற்றா, தற்காலிக நிறுத்தமா என்று இருக்க வேண்டும். உதாரணமாக, வாந்தி பேதியால் நீர்ச்சத்து வற்றி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏறியவருக்கு, ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரையையும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையையும் நிறுத்துகிறார்கள். சரியான முடிவுதான். ஆனால் சம்மரியில் அவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. வீட்டில் பழைய டப்பா அப்படியே இருப்பதால் நோயாளி மறுநாளே தொடங்கிவிடலாம். அல்லது குடும்ப டாக்டர், 'பெரிய ஆஸ்பத்திரியில் நிறுத்தியதை நாம் ஏன் தொட வேண்டும்' என்று மாதக்கணக்கில் விட்டுவிடலாம். இரண்டையும் தடுக்க ஒரு வரி போதும்: 'ராமிப்ரில் 5 மி.கி.: கிரியேட்டினின் 2.1 ஆனதால் நிறுத்தம். டிஸ்சார்ஜ் அன்று 1.4, ஒரு வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் பார்க்கவும், வழக்கமான 1.0-ஐ ஒட்டி வந்தால், பொட்டாசியமும் சரியாக இருந்தால், மீண்டும் தொடங்கலாம்.'

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. ஐ.சி.யூ.வில் வயிற்றுப் புண் வராமலிருக்கத் தொடங்கிய பேன்டோபிரசோல், வார்டில் கொடுத்த தூக்க மாத்திரை எல்லாம் நிறுத்தும் தேதி இல்லாமல் வருடக்கணக்கில் ஓடும். மருந்தை ஜெனரிக் பெயரில், அதாவது கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில், எழுதாவிட்டால், ஒரே மருந்தை இரண்டு பிராண்டில் இரட்டிப்பு அளவில் விழுங்குவதும் நடக்கும்.

அடுத்தது, வராத ரிசல்ட். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரை வழக்கமாக 5 நாள் வரை வைத்துப் பார்ப்பார்கள். பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். நோயாளி வீட்டில் இருப்பார், ரிசல்ட் வார்டுக்கு வரும், அங்கே டியூட்டி மாறியிருக்கும். டெஸ்ட் எழுதியவரே அதற்குப் பொறுப்பு. வெளி டாக்டர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்ன பிறகுதான் அது கைமாறும். நிலுவையில் உள்ள டெஸ்ட், விசாரிக்க வேண்டிய ஆள், போன் நம்பர் மூன்றும் சம்மரியின் முதல் பக்கத்திலேயே வேண்டும்.

சிலவற்றைக் காகிதத்தை நம்பி விடக்கூடாது, போனில் பேசியே ஆக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோல் அல்லது கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்த்திருந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சில நாட்களிலேயே எகிறும்; ரத்தக்கசிவு ஆபத்து கூடும். அடுத்த டெஸ்ட் எந்தத் தேதி, யார் பார்ப்பது என்று வாய்விட்டுச் சொல்லி, எதிர்முனையில் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்க்குழாயில் அடைப்பு வராமலிருக்கத் தற்காலிகமாக வைக்கும் மெல்லிய குழாயான டி.ஜே. ஸ்டென்ட்டும் இந்த ரகம். வலி குறைந்ததும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். மாதங்கள் கடந்தால் அதன்மேல் கல் படிந்து, எடுப்பதே தனி ஆபரேஷனாகிவிடும். எடுக்கும் தேதியை ஸ்டென்ட் வைத்த அன்றே குறித்துவிடுவது நல்லது.

பழியை மருத்துவமனைமேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை. நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பும் வெளி டாக்டரின் கடிதத்தில் 'மேல்சிகிச்சைக்கு' என்ற ஒற்றை வரிதான் பல நேரம் இருக்கும். தற்போதைய மருந்துகளும் அளவும், அலர்ஜி, நோயில்லாத நாளில் இருந்த கிரியேட்டினின், பழைய இ.சி.ஜி. பிரதி இவ்வளவு இருந்தாலே எமர்ஜென்சியில் பாதி குழப்பம் தீரும். நெஞ்சு வலியோடு வருபவரின் இ.சி.ஜி.யில் தெரியும் பண்டில் பிராஞ்ச் பிளாக் (இதயத்தின் மின்சாரப் பாதையில் ஏற்படும் தடை) புதியதா, பழையதா என்பதைப் பெரும்பாலும் அந்தப் பழைய தாள்தான் சொல்லும்.