அம்மிச்சியின் பழைய போட்டோவைப் பார்த்து வரைந்தால் சாயல் வரவில்லையே, ஏன்?

கண், மூக்கு எல்லாம் அழகாக வந்தும் படத்தில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்கிறீர்கள். தப்பு பெரும்பாலும் கண்ணில் இல்லை, கண் வைத்த இடத்தில் இருக்கும். உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில்தான் கண் வரும். நாம் நெற்றியைச் சுருக்கி அதை மேலே ஏற்றிவிடுவோம். நானும் வெகுநாள் அப்படித்தான் செய்தேன்.

போட்டோவை ஜெராக்ஸ் எடுத்து 1 செ.மீ. கட்டங்கள் போடுங்கள். வரையும் தாளில் அதே எண்ணிக்கையில் 3 செ.மீ. கட்டங்கள். மூக்கு என்று நினைக்காமல், அந்தக் கட்டத்துக்குள் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பாருங்கள். முடித்ததும் கண்ணாடியில் காட்டினால் கோணல் பளிச்சென்று தெரியும். பென்சிலில் நிழல் கைவந்த பிறகு கலருக்குப் போங்கள், அவசரமில்லை.

அப்புறம் பிரேம். கடையில் வாங்காதீர்கள். திருப்பூரில் பனியன் கட்டிங் துணி கிலோக் கணக்கில் கிடைக்கும். மூன்று பிரியாகப் பின்னி, கெட்டி அட்டையைச் சுற்றி ஒட்டினால் போதும். கலர் கரைக்கத் தேங்காய்த் தொட்டி இருக்கவே இருக்கிறது, உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள்.