பெட்டியை விட்டுச் செல்லும் லாரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பக்கத்து வீட்டில் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. ஒரு லாரி வந்து, இடிபாடுகளைப் போடுவதற்கான 22 அடி நீள இரும்புப் பெட்டியைச் சரித்து இறக்கிவிட்டுப் போனது. இந்த வகை லாரியைக் கண்டுபிடித்தவர் நாக்ஸ்வில் நகர மேயராக இருந்த ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் என்கிறார்கள். அது உண்மையா?

ம. ச., டாலஸ்

அன்புள்ள ம. ச.,

பாதி உண்மை. டெம்ப்ஸ்டர் சகோதரர்கள் டென்னசியில் கட்டுமானத் தொழில் செய்தவர்கள். சரக்கு நிரம்பும்வரை லாரியும் ஓட்டுநரும் சும்மா நிற்பது எத்தனை நட்டம் என்பதை அந்தத் தொழிலில் இருப்பவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1930களின் நடுவில் அவர்கள் காப்புரிமை பெற்ற அமைப்பில், பெட்டி நிரம்பிய பிறகுதான் லாரி வரும். பின்புறமுள்ள இரு கைகளால் அதைத் தூக்கிச் சுமந்து செல்லும். நம் மாநகராட்சிகளின் டம்பர் பிளேசர் வண்டிகள் இதன் உறவு. ஆனால் இது தூக்கும் வண்டியே தவிர, உருட்டி இறக்கும் வண்டி அன்று.

பெட்டியை லாரியிலிருந்து பிரிக்கும் எண்ணமும் அவர்களுக்கு முந்தியது. 1922இல் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில், வீட்டுக்கு வீடு நின்று போகும் வேலையைக் குதிரைகளுக்கு விட்டு, அவை இழுத்துவந்த குப்பைப் பெட்டிகளைத் தொலைவுக்குக் கொண்டுசெல்ல மட்டும் லாரியைப் பயன்படுத்தினார்கள். என் கணக்கில் இதுவே கூடுதல் புத்திசாலித்தனம்.

நீங்கள் பார்த்த வகை இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஹைட்ராலிக் உருளைகள் வலுப்பெற்ற காலத்தில் பரவியது. திரும்பி எடுக்க வரும்போது கவனியுங்கள்: தண்டவாளம் போன்ற இரு இரும்புச் சட்டங்கள் கொண்ட சாய்தளம் பின்பக்கமாகச் சரியும், ஓட்டுநர் இறங்கி, பெட்டியின் முன்முனையில் கம்பிவடத்தை மாட்டுவார், வடம் இழுக்க இழுக்க முன்பகுதி சட்டத்தின் மேலேற, பின்பகுதி தன் சிறு சக்கரங்களில் தரையோடு உருண்டு வரும். ஐரோப்பாவில் மிகுதியாகக் காணும் கொக்கிக் கையால் பெட்டியை இழுத்தேற்றும் லாரியில் வடமும் இல்லை, ஓட்டுநர் இறங்கவும் வேண்டாம்.

ஒன்றைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லலாம். லாரியின் இரும்புச் சட்டங்களின் நீளம் மாறாததால், 20 கன கெஜப் பெட்டியும் 40 கன கெஜப் பெட்டியும் பெரும்பாலும் ஒரே நீளம், உயரத்தில்தான் வேறுபாடு. ஆனால் உடைத்த கான்கிரீட் ஒரு கன கெஜமே ஒரு டன்னைத் தாண்டும். அமெரிக்க நெடுஞ்சாலையிலோ வண்டியும் சுமையும் சேர்ந்து பொதுவாக 36 டன்னுக்கு மேல் போகக்கூடாது. ஆகவே சுவரை இடிப்பதானால் தாழ்வான 10 கன கெஜப் பெட்டியையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பெரிய பெட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டால், எடுக்க வரும் ஓட்டுநர் அதைத் தொடாமலே திரும்பிவிடக்கூடும்.